வெளிச்சப் பெட்டியும் நெஞ்சுப் படமும்



சிம்பாங் பூலாய்ப் பக்கத்து ரப்பர் தோட்டங்களிலிருந்து ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் நெஞ்சுப் படம் எடுத்துக்கொண்ட பெரியவர்களுக்கு அந்தப் பெட்டி நினைவிருக்கும். டாக்டர் கறுப்புப் படத்தை அதில் செருகி விசையைத் தட்டுவார். பிறகு பேசாமல் பார்த்துக்கொண்டு நிற்பார்.

அந்தப் பெட்டியில் பெரிய சூத்திரம் ஏதுமில்லை. முன்னால் பால்வண்ணக் கண்ணாடி, உள்ளே குழல் விளக்குகள். பிள்ளைகள் ஜன்னல் கண்ணாடியில் தாளை வைத்துப் படத்தை நகல் எடுக்கிறார்களே, அதே வித்தைதான். ஆனால் வானத்து வெளிச்சம் மாறிக்கொண்டே இருக்கும். வெறும் பல்பு நடுவில் கண்ணைக் கூசச் செய்து, ஓரத்தில் மங்கிவிடும். பால்வண்ணக் கண்ணாடியோ வெளிச்சத்தைச் சமமாகப் பரப்புகிறது. காசநோய் பெரும்பாலும் நுரையீரலின் மேற்பகுதியில், காறை எலும்பை ஒட்டிச் சிறு மங்கலாகத் தெரியும். வெளிச்சம் சரியில்லையென்றால் அது கண்ணுக்குத் தப்பிவிடும்.

ஜெர்மனியில் ராண்ட்ஜன் 1895-இல் எக்ஸ் கதிரைக் கண்டார். தொடக்கத்தில் படம் கண்ணாடித் தகட்டில் விழுந்தது. பிலிம் பின்னால் வந்தது. 1936-இல் பிரேசில் நாட்டு டாக்டர் அப்ரியூ, நெஞ்சுப் படத்தைச் சிறிய பிலிமில் எடுக்க வழி கண்டார். செலவு குறைந்தது, கூட்டங்கூட்டமாக மக்களைச் சோதிக்க முடிந்தது. ஆனால் 1947-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வு எல்லாரையும் திடுக்கிட வைத்தது. ஒரே பிலிமைப் பார்த்த டாக்டர்கள் வேறு வேறு முடிவு சொன்னார்கள்! ஒரே டாக்டர் மறுமுறை பார்த்தபோதுகூட முடிவு மாறியது. வெளிச்சம் மட்டும் போதாது, பார்க்கும் கண்ணுக்கும் காவல் வேண்டும்.

இந்தப் பாடம் சென்னையில் நன்றாகப் பயன்பட்டது. அந்நாளில் காசநோய் என்றாலே குடும்பத்தைப் பிரிந்து சானடோரியத்துக்குப் போகவேண்டும் என்ற அச்சம். பலர் நோயை மறைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையம், ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்துக்கு அனுப்பியது. மற்றவர்களுக்கு வீட்டிலேயே மருந்து தந்தது. பிலிம்களைப் பார்த்து மதிப்பிட்டவருக்கு எது யாருடையது என்று சொல்லப்படவில்லை. 1959-இல் முடிவு வந்தது. ஓராண்டில் நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86 சதவீதம். உடனிருந்த குடும்பத்தாருக்கும் அதனால் நோய் கூடுதலாகத் தொற்றவில்லை. குடிசையில் படுத்திருந்த நோயாளிக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை!

மலேசியாவில் தேசியக் காசநோய்த் தடுப்புத் திட்டம் 1961-இல் தொடங்கியது. படத்தில் நிழல் கண்டதும் காசநோய் என்று முடிவு கட்டிவிடுவதில்லை, சளியையும் சோதிப்பார்கள். இன்று பல ஆஸ்பத்திரிகளில் பிலிமும் இல்லை, பெட்டியும் இல்லை. நெஞ்சுப் படம் நேராகக் கணினித் திரைக்கு வந்துவிடுகிறது. சளிச் சோதனை மட்டும் இன்னும் தொடர்கிறது.