டேங்க் ரோட்டு மாளிகையும் அதில் குடியிருந்தோரும்

தைப்பூச நாளில் காவடிகள் பினாங்கு சாலையைக் கடந்து கிளமென்சோ அவென்யூவில் திரும்புமிடத்தில், பீங்கான் வேலைப்பாடு மிகுந்த கூரைமுகடுகளுடன் சீனப் பாணி மாளிகையொன்று நிற்கிறது. தெண்டாயுதபாணி கோயில் அருகிலிருப்பதால், நம்மவர் தலைமுறை தலைமுறையாக அவ்வழியே நடந்திருக்கிறோம். அம்மாளிகையின் வரலாற்றை நாம் அறிந்து கொண்டது குறைவே.

1880களில் அதனைக் கட்டியவர் டான் இயோக் நீ என்னும் தியோச்சு வணிகர். தெலுக் பிளாங்காவில் துணி விற்றுத் திரிந்தவர். அங்கு வாழ்ந்த தெமெங்கோங் குடும்பத்தாரின் நட்பால் ஜொகூரில் மிளகும் காம்பியரும் பயிரிட்டுப் பெருஞ்செல்வரானார். முற்றங்களைச் சுற்றி அறைகள் அமைந்த வீடு, கருங்கல் தூண்கள், செதுக்கிய மர உத்தரங்கள் என்று தம் தாய்நிலத்து இல்லத்தையே இங்கு எழுப்பினார். ஆயினும் இறுதிக்காலத்தில் சீனா திரும்பி, 1902இல் அங்கேயே மறைந்தார்.

குடும்ப வீடாக அது இருந்தது இருபது ஆண்டுகள்கூட இல்லை. கிராஞ்சி வரை செல்லும் ரயில் பாதை 1903இல் டேங்க் ரோட்டிலிருந்து தொடங்கவே, மாளிகை நிலைய அதிபரின் குடியிருப்பாயிற்று. 1912இல் ஆங்கிலிக்கத் திருச்சபை அதில் பெண்பிள்ளைகளுக்கான இல்லமும் பள்ளியும் நடத்தலாயிற்று. 1938இல் இரட்சணிய சேனை அதனைத் தன் தலைமையகமாக்கியது. போரில் வீடு சிதைந்தது. போருக்குப் பின் சேனையினர் செப்பனிட்டு, 1991 வரை அங்கிருந்தனர்.

தியோச்சுச் செல்வர்கள் எழுப்பிய நான்கு பெருமாளிகைகளுள் இன்று எஞ்சியது இதுவொன்றே. இதனைத் தற்செயல் என்று தள்ளிவிட நாம் விரும்பவில்லை. ஹில் ஸ்திரீட்டில் இருந்த வீ ஆ ஹூட்டின் மாளிகைக்கும் புதுப்பயன் கிடைக்காமலில்லை. அது சீன வர்த்தகச் சங்கத்தின் இருப்பிடமாயிற்று. ஆனால் இடித்துப் புதிதாகக் கட்டும் வசதி சங்கத்துக்கு இருந்தது. 1960களில் அவ்விடத்தில் புதுக்கட்டடம் எழுந்தது. டேங்க் ரோட்டு மாளிகையோ, எளியோர்க்கு உதவும் அறப்பணியாளர் கையிலிருந்தது. அவர்களுக்கு வேண்டியது ஒழுகாத கூரையும் காற்றோட்டமான முற்றமும்தான். பழைய வீடு அவற்றைத் தந்தது. ஆகவே அதனை இடிக்கும் தேவை எழவில்லை என்றே நாம் கருதுகிறோம்.

1974இல் அது தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டபோதும் உள்ளே இரட்சணிய சேனையே இயங்கிக்கொண்டிருந்தது. சின்னத்துக்கு வைத்த பெயரோ டான் இயோக் நீ இல்லம். கட்டியவர் பெயர் நிலைப்பது முறைதான்; குறை சொல்வதற்கில்லை. ஆனால் அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஓடு மாற்றிச் சுவர் பூசிக் காத்தவர்களும், அங்கே எழுத்துக் கற்ற சிறுமியரும் அப்பெயருக்குள் இல்லை.

பின்னர் வீடு விற்கப்பட்டு, பெருஞ்செலவில் புதுப்பிக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டில் சிக்காகோ பல்கலைக்கழகத்தின் வணிகப் பள்ளி அதில் குடிபுகுந்தது. துணி மூட்டை சுமந்து தொழில் கற்றவரின் கூடத்தில் மேலாண்மை வகுப்புகள் நடந்தன. அப்பள்ளியும் பின்னர் ஹாங்காங்கிற்குப் பெயர்ந்துவிட்டது.