நடிப்புத் தொழிலில் நுழைதல்: அதியமான்கோட்டை வட்டாரம்

தருமபுரிக்குத் தெற்கே, சேலம் சாலையில் உள்ள அதியமான்கோட்டையிலிருந்து திரைத்துறைக்குப் போக விரும்புவோர் பலரும் முதலில் புகைப்பட ஆல்பத்துக்குச் செலவழிக்கிறார்கள். ஆனால் பயிற்சியே முதலில் வேண்டியது, அதற்கான பள்ளியாகத் தெருக்கூத்து பக்கத்திலேயே இருக்கிறது. தருமபுரி வட்டாரத் திரௌபதி அம்மன் திருவிழாக்களின் பாரதக் கூத்தில் கலைஞர் தாமே அரிதாரம் பூசி, புஜக்கட்டை கட்டி, திரைக்குப் பின்னிருந்தே பாடத் தொடங்கி, விடிய விடிய வேடத்தைத் தாங்குகிறார். குரல், மூச்சு, நினைவாற்றல் மூன்றும் ஒருசேரப் பழகுகின்றன.

கூத்தின் உரத்த குரல் கேமராவுக்கு ஒவ்வாது என்பது நியாயமான ஆட்சேபம். ஆனால் விரித்து நடிக்கத் தெரிந்த உடல் அடக்கவும் கற்றுக்கொள்ளும். தெருக்கூத்தை உள்வாங்கி ந. முத்துசாமி 1977இல் சென்னையில் தொடங்கிய கூத்துப்பட்டறை இதற்குச் சான்று. அங்கே வளர்ந்த பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம் ஆகியோர் திரையில் நுட்பமான நடிப்புக்கே பெயர் பெற்றவர்கள். விஜய் சேதுபதி அங்கே கணக்காளராகச் சேர்ந்து நடிகர்களைக் கவனித்தவர். சிறு வேடங்களுக்குப் பிறகு, 2010இல் ‘தென்மேற்குப் பருவக்காற்று’ படத்தில்தான் நாயகனானார். அறிமுகமும் அதிர்ஷ்டமும் வேண்டும் என்பது உண்மையே. ஆனால் வாய்ப்பு வரும் நாளில் கைகொடுப்பது பயிற்சி மட்டுமே. வேடம் தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்பவர் எவருக்கும் காசு கொடுக்காதீர்கள்.