பப்பாளிக் காயும் பழந்தின்னி வௌவாலும்

டிசம்பர் பிறந்தால் எங்கள் வீட்டில் பப்பாளி மரத்தின் மீது எல்லோருக்கும் ஒரு கண். காயாகப் பறித்தால் கேக்குக்கு. பழுக்க விட்டால் குயிலுக்கும் அணிலுக்கும் வௌவாலுக்கும். இந்தப் பங்குச் சண்டை முப்பது வருஷத்துக்கு மேலாக நடக்கிறது. போன வருஷம் பக்கத்து வீட்டுக்காரரும் இதில் சேர்ந்துகொண்டதால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

கேக்கில் சிவப்பும் பச்சையுமாகப் பற்களில் சிக்கும் டூட்டி ஃப்ரூட்டியை ஏதோ சீமைப் பழம் என்றே நான் வெகுநாள் நினைத்திருந்தேன். அது நம் பப்பாளிக் காய்தான் என்று தெரிந்தது 1980களின் கடைசியில், நாங்கள் மறைமலை நகருக்குக் குடிவந்த பிறகு. என் மனைவிக்கு பல்லாவரத்தில் ஓர் ஆங்கிலோ இந்தியத் தோழி. அவர்தான் சொல்லிக்கொடுத்தார். நன்றாக முற்றிய, ஆனால் உள்ளே இன்னும் வெளுப்பாக இருக்கும் காயைத் தோல் சீவி, சிறு சதுரங்களாக நறுக்கி, கண்ணாடி போல் ஆகும்வரை வேகவைத்து வடிக்க வேண்டும். பிறகு சர்க்கரைப் பாகில் போட்டு நிதானமாகக் காய்ச்சி, பாகிலேயே ஒரு இரவு ஊறவிட்டு, மறுநாள் சாயம் சேர்த்து நிழலில் உலர்த்த வேண்டும். நாங்கள் சாயம் சேர்ப்பதில்லை. பீட்ரூட் சாறு ஒரு கரண்டி போதும். அப்போது எங்களிடம் இருந்தது கண்ணாடி மூடி வைத்த வட்ட அலுமினிய ஓவன். மின்சாரம் போய்விட்டால் குக்கரில் மணலைக் கொட்டி, அதன்மேல் தட்டை வைத்துச் சுடுவோம். அடி கருகாமல் வந்தால் அன்று பெருமைதான்.

பப்பாளி நம்மூர் மரமே இல்லை. மத்திய அமெரிக்காவிலிருந்து கடல் வழியாக வந்தது. 1583 முதல் சில ஆண்டுகள் கோவாவில் பேராயரின் செயலாளராக இருந்த லின்ஸ்கோட்டன் என்ற டச்சுக்காரர், 1596இல் வெளியிட்ட பயண நூலில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். பிலிப்பைன்ஸ் பக்கமிருந்து மலாக்காவுக்கும் அங்கிருந்து இந்தியாவுக்கும் வந்ததாம். கொய்யாவும் சீத்தாவும் சப்போட்டாவும் முந்திரியும் அதே அமெரிக்கக் கண்டத்துச் சொந்தக்காரர்கள்தாம். நம் கொல்லைப்புறத்தில் நிற்பவற்றில் மாவும் பலாவும் நாவலும் போனால், மிச்சத்தில் பெரும்பாலானவை இப்படி வந்து குடியேறியவை.

கேக்கும் அப்படித்தான் வந்தது. பழைய சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்த தலைச்சேரியில், மாம்பள்ளி பாபு என்பவர் 1880இல் ராயல் பிஸ்கெட் ஃபேக்டரி தொடங்கினார். பர்மாவில் தொழில் கற்றவர். 1883 டிசம்பரில் அஞ்சரக்கண்டி லவங்கப்பட்டைத் தோட்டத்துத் துரை பிரவுன், இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த பிளம் கேக்கைக் காட்டி, இதேபோல் செய்ய முடியுமா என்று கேட்டாராம். பிரெஞ்சுக்காரர் வசம் இருந்த மாஹேயில் பிராந்தி வாங்கிக்கொள்ளவும் சொன்னாராம். பாபு பிராந்தியை விட்டுவிட்டு, முந்திரிப் பழத்தையும் கதளி வாழைப்பழத்தையும் புளிக்கவைத்து இறக்கிய உள்ளூர்ச் சரக்கைச் சேர்த்தார். துரை சாப்பிட்டுப் பார்த்துவிட்டு இன்னும் ஒரு டஜன் கேட்டார் என்பது அந்தக் குடும்பத்தார் சொல்லும் கதை. எனக்கு இந்தக் கதையில் பிடித்தது அந்த முந்திரிப் பழம்தான். சீமைக் கேக்குக்கு அமெரிக்கப் பழம், கலந்தவர் தலைச்சேரிக்காரர்!

நாங்கள் இருக்கும் ஊரின் பெயரை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும். வேதாசலம் என்ற தம் பெயரையே 1916இல் மறைமலை என்று தமிழாக்கிக்கொண்டவர் மறைமலை அடிகள். பல்லாவரத்தில் வாழ்ந்து, 1950இல் அங்கேயே மறைந்தார். அவர் பெயரில் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் 1980 வாக்கில் உருவாக்கிய துணை நகரத்தில் உட்கார்ந்துகொண்டு நான் கேக், ஓவன், டூட்டி ஃப்ரூட்டி என்று எழுதுகிறேன். ஈழத் தமிழர்கள் பேக்கரியை வெதுப்பகம் என்கிறார்கள், அழகான சொல். என் மனைவியிடம் சொன்னேன். "சொல்லுங்க, ஆனா காயை நறுக்கிக்கிட்டே சொல்லுங்க" என்றாள்.

சரி, பக்கத்து வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் மதிலோரம் ஒரு தேன்பழ மரம் நிற்கிறது. சிங்கப்பூர் செர்ரி என்பார்களே, அதுதான். நாங்கள் நடவில்லை. ஏதோ கொண்டைக்குருவியோ வௌவாலோ போட்ட எச்சத்தில் முளைத்தது. இதுவும் அமெரிக்க மரம்தான். பகலில் பூக்கொத்தி, கொண்டைக்குருவி, மைனா, குக்குறுவான். இருட்டியதும் வௌவால். தெருமுனை நெட்டிலிங்க மரத்தின் தொங்கும் இலைகளுக்குள் கூடாரம் போல் அமைத்துக்கொண்டு தங்கும் சின்னப் பழந்தின்னிகள் இவை. பழத்தைப் பிடுங்கிக்கொண்டு வேறிடம் போய்த் தின்னும். போகிற வழியில் பக்கத்து வீட்டு வெள்ளைச் சுவரில் எச்சம்.

"சார், நிபா நிபான்னு டிவியில போடறான். வீட்டுல பேரக் குழந்தை இருக்கு. மரத்தை எடுத்துடுங்களேன்" என்றார் அவர். தப்பாகக் கேட்கவில்லை. 2018இல் கோழிக்கோட்டில் நடந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். அந்தக் கிருமியை முக்கியமாகச் சுமப்பது உருவில் மிகப் பெரிய பழந்தின்னி, இது வேறு இனம் என்று நான் சொன்னேன். பயந்தவரிடம் இனம் பிரித்துச் சொல்லி என்ன ஆகும்?

சட்டமே வெகுகாலம் அப்படித்தான் பார்த்தது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 5ஆம் அட்டவணையில் காகம், எலியோடு பழந்தின்னி வௌவாலும் தீங்குயிர் என்று இருந்தது. யாரும் கொல்லலாம். அதே 1972இல்தான், தேனி மாவட்டத்து மேகமலையில் 1948இல் பிடிபட்ட ஒரு பழந்தின்னி தனி இனம் என்று தெரிந்து, அதற்குப் பறவையியலாளர் சாலிம் அலியின் பெயர் வைக்கப்பட்டது. அந்த ஓர் இனம் பின்னாளில் புலியும் யானையும் இருக்கும் 1ஆம் அட்டவணைக்குப் போனது. மற்ற பழந்தின்னிகள் எலியோடு நின்றன. 2022இல் வந்த திருத்தத்தில்தான் அந்தத் தீங்குயிர் அட்டவணையையே எடுத்தார்கள். இத்தனைக்கும் இலவ மரத்துக்கு மகரந்தம் சுமப்பதும் காட்டு மரங்களின் விதையை ஊரெல்லாம் போடுவதும் இவைதான்.

எனக்குள் வேறொரு உறுத்தலும் இருந்தது. மா. கிருஷ்ணனை நம் வயதுக்காரர்கள் பலர் படித்திருப்பீர்கள். பத்மாவதி சரித்திரம் எழுதிய அ. மாதவையாவின் மகன். 1950இல் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் தொடங்கிய பத்தியை 1996 பிப்ரவரியில் இறக்கும்வரை எழுதினார். காட்டு யானையைப் பற்றி எழுதிய அதே கவனத்தோடு வீட்டு அணிலையும் பல்லியையும் எழுதியவர். நாட்டு மரங்களை மறந்து வெளிநாட்டு மரங்களை நடுவது அவருக்குப் பிடிக்காது. அவர் இருந்திருந்தால் என் தேன்பழ மரத்தை ஆதரிப்பாரா? சந்தேகம்தான். ஆனால் பூக்கொத்தி அதில் உட்கார்ந்திருப்பதை அவருக்குக் காட்ட வேண்டும் என்று ஆசை.

கடைசியில் மரத்தை எடுக்கவில்லை. அவர் வீட்டுப் பக்கம் நீண்டிருந்த இரண்டு கிளைகளை வெட்டினேன், சுவருக்கு வெள்ளையடிக்கும் செலவையும் ஏற்றுக்கொண்டேன். கடித்த பழத்தைத் தொடுவதில்லை, மற்றதைக் கழுவித் தோல் சீவித்தான் தின்பது என்று இரண்டு வீட்டிலும் வழக்கமாகிவிட்டது. மதிலின் இந்தப் பக்கம் இந்த ஆடியில் ஒரு நாவல் கன்று வைத்திருக்கிறேன். காய்க்கும்போது நான் இருப்பேனா தெரியாது.

அவருக்கு முழுத் திருப்தி இல்லை என்று தெரியும். கிறிஸ்துமஸ் அன்று கேக் கொடுத்தனுப்பினோம். வாங்கிக்கொண்டு, "இதுல இருக்கறது அந்த மரத்துப் பழமா சார்?" என்று கேட்டார். பப்பாளிக் காய் என்றேன். அன்றைக்கு மரத்தில் மிச்சம் ஒரே ஒரு பப்பாளி. இரண்டு நாளாகப் பெண் குயில் அதைக் குடைந்துகொண்டிருந்தது.