ஒலி அட்டை இணைப்புத் துளைகள்

ஒலி அட்டை இணைப்புத் துளைகள் என்பவை ஒலிவாங்கி, ஒலிபெருக்கி முதலியவற்றை மேசைக் கணினியுடன் இணைக்கப் பயன்படும் 3.5 மில்லிமீட்டர் துளைகள் ஆகும். இவை அளவில் ஒத்திருப்பதால் செருகியை மாற்றிச் செருகும் தவறு எளிதில் நேர்கிறது. இதனைத் தவிர்க்க, மைக்ரோசாப்ட், இன்டெல் நிறுவனங்களின் பிசி 99 வழிகாட்டி நிறக் குறியீட்டை வரையறுத்தது.

நிறங்கள்

* இளஞ்சிவப்பு – ஒலிவாங்கி
* வெளிர்பச்சை – ஒலிபெருக்கி, ஹெட்போன்
* வெளிர்நீலம் – ஒலிநாடாக் கருவி போன்ற பிற கருவிகளிலிருந்து வரும் ஒலி

துளைகளுக்கிடையே வேறுபாடு

ஒலிவாங்கி தரும் மின்குறிகை சில மில்லிவோல்ட் அளவே ஆகும். இதனைப் பெருக்கும் முன்பெருக்கி இளஞ்சிவப்புத் துளையுடன் இணைந்துள்ளது. எலெக்ட்ரெட் வகை ஒலிவாங்கிக்குத் தேவையான சிறு மின்னழுத்தத்தையும் அத்துளையே வழங்குகிறது. வெளிர்நீலத் துளையில் பொதுவாக இவ்விரண்டும் இல்லை. எனவே அதில் செருகப்பட்ட ஒலிவாங்கி பழுதற்றதாயினும் பழுதானது போலவே தோன்றும்.

பழுது காணல்

சரியான துளையில் செருகியும் ஒலி பதிவாகாவிடின், இயங்குதளத்தின் ஒலி அமைப்புகளில் அவ்வொலிவாங்கி உள்ளீட்டுக் கருவியாகத் தெரிவு செய்யப்பட்டுள்ளதா, அதன் ஒலி அடக்கப்பட்டுள்ளதா எனச் சரிபார்க்க வேண்டும். விண்டோஸ் 10 இயங்குதளத்தில் செயலிகள் ஒலிவாங்கியைப் பயன்படுத்துவதற்கான அனுமதி, தனியுரிமை அமைப்புகளில் உள்ளது. ஒரே செருகியில் நான்கு தொடுபகுதிகளைக் கொண்ட செல்பேசி ஹெட்செட்டை இத்துளைகளில் பயன்படுத்த, ஒலிவாங்கியையும் ஹெட்போனையும் இரு செருகிகளாகப் பிரிக்கும் வடம் தேவை.