எல்லோரும் ஆட ஒரு குரல்

கோலாட்டம் பழகி மேடையேறிய எமக்குச் சோடி மாறி ஆடுவது புதிதல்ல. ஆயினும் நாம் பல நாள் ஒத்திகை பார்த்த பின்னரே ஆடினோம். ஒத்திகை எதுவுமின்றி, முன்பின் அறியாதவர்களையும் ஒரே இரவில் ஒன்றாக ஆடவைத்த மரபொன்று ஐக்கிய அமெரிக்காவில் உண்டு. அதுவே சதுர நடனம். நான்கு சோடிகள் சதுரத்தின் நான்கு பக்கங்களில் நிற்பர். அடுத்து ஆடவேண்டியதை ஒருவர் இசையோடு சேர்த்துச் சொல்வார். அவரே அழைப்பாளர்.

இந்நடனத்தின் வேர்கள் ஐரோப்பாவில் உள்ளன. ஜோன் பிளேபோர்ட் 1651இல் லண்டனில் வெளியிட்ட நாட்டுப்புற நடன நூலும், பிரான்சின் குவாட்ரில் நடனமும் அதன் முன்னோடிகள். அங்கே ஆசிரியரிடம் முன்கூட்டியே கற்றவர்களே ஆடினர். அமெரிக்காவிலோ, அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த கறுப்பின இசைஞர்கள் பிடில் வாசித்தபடியே ஆட்ட அசைவுகளையும் சொல்லிக்கொடுத்தனர். ஆசிரியரை அமர்த்த வசதியற்றவர்களும் ஆட வழி பிறந்தது.

இந்தப் பங்களிப்பு நெடுங்காலம் மறைந்தே கிடந்தது. கென்டக்கி மலைப்பகுதியில் இரு பெண்கள் 1913இல் தொடங்கிய பைன் மவுன்டன் பாடசாலைக்கு 1917இல் சென்ற சிசில் ஷார்ப், அங்கு கண்ட ஆட்டத்தைப் பழைய ஆங்கில நடனத்தின் எச்சமாகவே கருதினார். 1926இல் பழைய நடனங்களுக்கு நூல் வெளியிட்ட ஹென்றி போர்ட், கறுப்பின மக்களின் ஜாஸ் இசையை வெறுத்து, அதற்கு மாற்றாகவே அவற்றைப் பரப்பினார். தாம் போற்றிய ஆட்டத்திலும் அம்மக்களின் குரல் கலந்திருந்ததை அவர் எண்ணவில்லை போலும்.

கொலராடோவில் செயென் மவுன்டன் பாடசாலையை நடத்திய லொயிட் ஷோ, தம் மாணவர்களுக்கு இந்நடனத்தைப் பயிற்றி, அவர்களை நாடெங்கும் அழைத்துச் சென்றார். அவர் 1939இல் எழுதிய நூல் பல அழைப்பாளர்களுக்குக் கைநூலாயிற்று.

நல்ல அழைப்பாளர் முதலில் கூட்டத்தையே பார்ப்பார். எல்லோரும் கைகோத்து வட்டமாகச் சுற்றும் ஆட்டத்துடன் தொடங்குவார். அடுத்து, முதற்சோடி மற்றைய சோடிகளை ஒவ்வொன்றாகச் சென்று சந்திக்கும் ஆட்டத்தைத் தெரிவார். புதியவர்கள் நான்காம் சோடியாக நின்றால், தம் முறை வருமுன் மூன்று தடவை பார்த்துக் கற்கலாம். சொல்லை அசைவுக்குச் சற்று முன்னரே கூறவேண்டும். பிந்தினால் கால்கள் தடுமாறும். ஒரு சதுரம் குழம்பினால் யாரையும் சுட்டாமல், எல்லோரையும் சோடியாக நடந்து பழைய இடத்துக்குத் திரும்பச் சொல்வார். அவசர சிகிச்சைப் பிரிவில் பணிபுரியும் எமக்கு, அளவான சொல்லை உரிய கணத்தில் கூறுவதன் அருமை தெரியும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் அசைவுகள் பெருகின. வாரக்கணக்கில் வகுப்புக்குச் சென்றவர்களே ஆடமுடியும் என்ற நிலை கழகங்களில் வந்தது. 1974இல் உருவான அழைப்பாளர் சங்கமான கோலர்லாப் அசைவுகளைப் படிநிலைகளாக ஒழுங்குபடுத்தியது. திறமை வளர்ந்தது, ஆனால் புதிதாக வருபவருக்குக் கதவு ஒடுங்கியது. மரபுவழி அழைப்பாளர்களோ, அன்றிரவு வந்தவர் அன்றிரவே ஆடவேண்டும் என்பதை விட்டுக்கொடுக்கவில்லை.

நூறு ஆண்டுகளின் பிள்ளைகள் கூடும் சங்கத்துக்கும் இதே கேள்வி உண்டு. தேர்ந்தவர்கள் ஆட மற்றவர்கள் பார்த்திருப்பதா, எண்பது வயது அக்காவும் சென்ற ஆண்டு விலகிய தங்கையும் ஒரே வட்டத்தில் கைகோப்பதா? இரண்டாவதையே நாம் விரும்புகிறோம். அதற்கு வேண்டியது எளிய ஆட்டமும், ஒருவரையும் வெளியே நிறுத்தாத ஒரு குரலுமே.