பிரித்தானிய நாட்டுப்புறத்தில் உரோமர் வழிகள்: சான்றுகளின் தகுதி

உரோமர் பிரித்தானியாவைக் கைப்பற்றப் படையொடு புகுந்தது கி. பி. 43இல், அவர்தம் ஆட்சி ஆண்டினின்று நீங்கியது கி. பி. 410ஐ ஒட்டி. இவ்விடைக்காலத்தே அவர் அமைத்த வழிகளுட் பல இன்றும் ஊர்தி செல்லும் சாலைகளாக விளங்குகின்றன. அவை ஈண்டு ஆய்வுக்கு உரியன அல்ல. உழவாலும் காடு மூடியதாலும் மறைந்து, மேய்ச்சல் நிலத்தினூடே தடமாகவும் வயலினூடே மேடாகவும் எஞ்சியுள்ள நாட்டுப்புற வழிகளே இக்கட்டுரையின் பொருளாம். பழைய பாதை ஒன்றனை உரோமரது என்று துணிதற்கு எச்சான்று அமையும் என்பது வினா. தமிழில் அதர், நெறி, பெருவழி என்பன தம்முள் வேறாயினமை போல, அங்கும் மாந்தர் கால்பட்டுத் தானே உண்டான தடமும், அரசு ஆணையால் இடப்பட்ட சாலையும் வேறு வேறாம். இவ்வேறுபாட்டை மறந்தமையாற் பிழைகள் பல நேர்ந்துள.

உரோமர் சாலையின் உறுப்புகளுள் தலையாயது, தொல்லியலார் இலத்தீன் சொல்லால் 'அக்கெர்' என வழங்கும் மேட்டுக்கரை. இருமருங்கும் பள்ளம் அகழ்ந்து, எடுத்த மண்ணைக் குவித்து, மேலே கல்லும் பரலும் பரப்புவர். டார்செட் பகுதியிலுள்ள அக்லிங் டைக் என்னும் வழி இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அஃது ஓக்லி டவுன் என்னுமிடத்து வெண்கலக் காலத்து ஈமமேடு ஒன்றன் விளிம்பை வெட்டிச் செல்கின்றது. வெட்டிய வழி, வெட்டுண்ட மேட்டிற்குப் பிற்பட்டது என்பதில் ஐயமில்லை. ஆயின், அவ்வெட்டு ஒன்றனையே கொண்டு நோக்குவார்க்கு, வழி எத்துணைக் காலம் பிற்பட்டது என்பது புலனாகாது. இது காலத்தின் ஓரெல்லையையே காட்டும் சான்று.

இதனினும் வலிமை வாய்ந்தது, வழியை இட்ட பொருளே தரும் சான்று. சசெக்ஸ் பகுதியில் ஹோல்ட்டை என்னுமிடத்தில் 1939இல் ஐவன் மார்கரி என்பார் இலண்டனிலிருந்து லூவிஸ் நோக்கிச் செல்லும் வழியின் ஒரு பகுதியை அகழ்ந்து வெளிப்படுத்தினார். அதன் மேற்பரப்பு கல்லன்று. இரும்பு உருக்கியபின் எஞ்சும் கிட்டம். அது துருவேறி ஒன்றோடொன்று பற்றிப் பாறைபோல் இறுகியிருந்தது. சகடங்கள் உருண்ட தடங்களும் அதன்மீது பதிந்து கிடந்தன. வீல்டு எனப்படும் அக்காட்டுநிலத்தில் உரோமர் காலத்து இரும்புத்தொழில் செழித்திருந்தது பிற அகழ்வுகளாலும் அறியப்பட்டதே. உலைக்களத்தின் கழிவே சாலைக்கு உடம்பாயிற்று; சாலை உலைக்களத்திற்கு வாயிலாயிற்று. வழி எதன்பொருட்டு இடப்பட்டது என்பதை வழியே உரைக்கும் இத்தகைய இடங்கள் மிகச் சிலவே. மார்கரி 1955ஆம் ஆண்டு முதலாக வெளியிட்ட நூலில் பிரித்தானிய உரோமர் வழிகளுக்கு இட்ட எண்களே இன்றும் ஆய்வாளரிடை வழங்கி வருகின்றன.

எழுத்துச் சான்றாவது மைல்கல். வடவேல்சுக் கடற்கரையில், இலான்வைர்வெச்சன் என்னும் ஊரருகே 1883இல் கிடைத்த கல் பேரரசன் ஹாட்ரியன் (117–138) பெயரைத் தாங்கி, கனோவியத்திலிருந்து 8 மைல் எனத் தொலைவும் கூறுகின்றது. ஆள்வோன் பெயரும் தொடங்கும் ஊரின் பெயரும் அளவும் ஒருங்கே அமைந்தவிடத்து வழக்கிற்கு இடமில்லை. மரம் கிடைப்பின் அதுவும் நன்று: நெதர்லாந்தில் ரைன் ஆற்றின் ஈரநிலத்தே சென்ற எல்லைச் சாலையின் கரையைத் தாங்கிய ஓக்கு மரங்களின் ஆண்டுவளையங்களை எண்ணி, கி. பி. 124–125ஐ ஒட்டி அவை வெட்டப்பட்டன என அறிந்துள்ளனர்.

கல்லும் மரமும் இல்லாதவிடத்துத்தான் இடர்ப்பாடு. 1920இல் பிரித்தானிய நில அளவைத் துறையின் முதல் தொல்லியல் அலுவலராக அமர்ந்த கிராஃபோர்டு, வானிலிருந்து எடுத்த படங்களின் பயனை நன்கு விளக்கினார். புதைந்த பள்ளத்தின்மேல் பயிர் செழிக்கும். கற்பரப்பின்மேல் வெளிறிக் குறுகும். வறண்ட கோடையில் இவ்வேறுபாடு கோடிட்டாற்போற் றோன்றும். இன்று வானிலிருந்து ஒளிக்கதிர் செலுத்தி நிலத்தின் மேடுபள்ளம் அளக்கும் முறை, காட்டின் அடியிலுள்ள தடத்தையும் காட்டுகின்றது. எனினும் இவையெல்லாம் வழி இருந்தமையைக் காட்டுமேயன்றி, இட்டவர் யார் எனக் காட்டா. நேராகச் செல்வது உரோமரது என்னும் எளிய முடிபு இங்கேதான் நுழைகின்றது.

பென்னைன் மலைத்தொடரில் பிளாக்ஸ்டோன் எட்ஜ் என்னுமிடத்துள்ள கற்பாவிய வழி நெடுங்காலம் உரோமர் வழியின் இலக்கணமாகவே போற்றப்பட்டது. அது 1735ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி அமைந்த சுங்கச்சாலையாதல் வேண்டும் என்பதே இன்று பலரும் கொள்ளும் கருத்து. வடயார்க்சயர் மேட்டுநிலத்து வீல்டேல் கல்வரிசையோ, சாலைதானா அன்றிப் புதிய கற்காலத்து எல்லைக்கரையா என்னும் அளவிற்கு ஐயத்திற்கு உள்ளாகிவிட்டது. இவற்றினும் வியப்புடையது ஷ்ராப்சயரில் ஷார்ப்ஸ்டோன் குன்றில் 2009இல் அகழப்பட்ட வழி. உரோமரது என்றே கருதப்பட்டிருந்த அவ்வழியின் அடியில் சுள்ளிகளும் அதன்மேல் மண்ணும் ஆற்றுக் கூழாங்கற்களும் அடுக்கப்பட்டிருந்தன. பன்முறை புதுக்கப்பட்டமையும் தெரிந்தது. சுள்ளிகளின் கரிமக் காலக்கணிப்பும், மண் இறுதியாக ஒளிபட்ட காலத்தைக் கணிக்கும் முறையும் அது உரோமர் வருகைக்கு முற்பட்ட இரும்புக்கால மக்களது என்னும் முடிபிற்கு இட்டுச் சென்றன. வென்றவர் பெயரால் வழங்கிய வழி தோற்றவரது கைவினையாயிற்று. நாட்டு மக்கள் ஒற்றையடித்தடமன்றி வேறறியார் என்னும் பழைய எண்ணத்திற்கு இது நேர்மாறு.

தமிழகத்து ஆய்வாளர்க்கும் இதன்கண் தொடர்பு உண்டு. கொங்குநாட்டிற் கிடைத்த உரோமர் காசுக் குவியல்களைப் புள்ளிகளாக வைத்து, பாலைக்காட்டுக் கணவாய் வழியே மேல்கடற்கும் கருவூர்க்கும் இடையே ஒரு கோடு இழுத்து, அதனையே சங்ககாலப் பெருவழி என்பது வழக்கமாகிவிட்டது. வாணிகம் நடந்தமைக்குக் காசு சான்றாம். சாலை சென்ற இடத்திற்கு அஃது எவ்வாறு சான்றாகும்? புதைத்தவன் வழியோரத்தே புதைத்தான் என்பது துணிபன்று. பெரும்பாணாற்றுப்படை சுங்கம் கொள்ளும் பெருவழியையும் அதனைக் காக்கும் வில்வீரரையும் கூறுகின்றது; அதனால் பெருவழி உண்மை தெளிவு, அதன் தடம் தெளிவன்று. தருமபுரிப் பகுதியிற் கிடைத்த அதியமான் பெருவழிக் கல் நாவற்றாவளத்திற்கு 29 காதம் என எழுத்தாற் கூறுவதோடு, எழுத்தறியார் பொருட்டு இரண்டு பெருங்குழிகளாலும் ஒன்பது சிறுகுழிகளாலும் அதனையே காட்டுகின்றது. இலான்வைர்வெச்சன் கல்லுக்கு இல்லாத நயம் இது. ஆயின் அதன் எழுத்து 13ஆம் நூற்றாண்டினது. அவ்வழி அதற்கு எத்துணை முற்பட்டது என்பதைக் கல் கூறாது. வழியையே குறுக்கே வெட்டி அதன் அடுக்குகளைக் கண்டுதான் கூறல் வேண்டும்.