புழுங்கலரிசி தந்த பாடம்

ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில், கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர்களைப் பெரிபெரி என்னும் நோய் வாட்டி வதைத்தது. கால்கள் வீங்கும், நடை தளரும், இறுதியில் இதயம் ஓய்ந்துவிடும். அதே பேராக் மண்ணில் பால்மரம் சீவிய தமிழர்களிடையே அந்நோய் அரிதாகவே இருந்தது. ஏன்?

நெகிரி செம்பிலானில் பணியாற்றிய மருத்துவர் பிராடன் இவ்வேறுபாட்டை ஆராய்ந்தார். சீனர்கள் உண்டது தீட்டிய பச்சரிசி. தமிழர்கள் உண்டது புழுங்கலரிசி. பழைய பச்சரிசியில் பூஞ்சை நஞ்சு உண்டாவதாக அவர் கருதினார்.

இக்கருத்தைச் சோதிக்க, 1905-ஆம் ஆண்டின் இறுதியில் கோலாலம்பூர் மனநோயாளர் விடுதியில் மருத்துவர் வில்லியம் ஃபிளெட்சர் ஓர் ஆய்வைத் தொடங்கினார். நோயாளிகளை வரிசையாக நிறுத்தி எண்ணிட்டார். ஒற்றைப்படை எண்ணினர் ஒரு கட்டடத்திலும் இரட்டைப்படை எண்ணினர் மற்றொன்றிலும் தங்கினர். ஒரு சாராருக்குப் பச்சரிசி. மறு சாராருக்குப் புழுங்கலரிசி. நோய்க்குக் கட்டடம் காரணமோ என்றறிய, இடையில் இரு சாராரையும் இடம் மாற்றினார். ஓராண்டில் பச்சரிசி உண்ட 120 பேரில் முப்பதுக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர்; 18 பேர் மாண்டனர். புழுங்கலரிசி உண்ட 123 பேரில் இந்நோயால் ஒருவரும் இறக்கவில்லை.

காரணம் பின்னரே தெளிவாயிற்று. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்குகிறது. அது நஞ்சன்று, சத்துக் குறைவே நோய்க்கு மூலம். தயமின் எனப்படும் அச்சத்து 1926-இல் ஜாவாவில் பிரித்தெடுக்கப்பட்டது.

அறிவியலுக்கு இது பெரும் வெற்றி. ஆயினும் மாண்ட அந்தப் 18 பேரும் சம்மதம் சொல்லும் நிலையிலா இருந்தார்கள்? மறுத்து வெளியேற அவர்களுக்கு வழி இருந்ததா? அந்த உயிர்களை மறந்துவிட்டு இவ்வரலாற்றைப் போற்றுவது முறையாகாது.

1947-இல் நூரம்பெர்க் நெறிமுறையும் 1964-இல் ஹெல்சிங்கி அறிக்கையும் ஆய்வுக்கு உட்படுவோரின் சம்மதத்தை முதன்மைப்படுத்தின. மலேசியாவும் 1999-இல் மருந்தாய்வுகளுக்கான நெறிமுறையை வெளியிட்டது. நன்னெறிக் குழுவின் ஒப்புதலின்றி இன்று ஆய்வு தொடங்கக் கூடாது.

ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையிலும் மருத்துவ ஆய்வு மையம் இயங்குகிறது. நாளை நம்மில் ஒருவரிடம் சம்மதப் படிவம் நீட்டப்படலாம். அஞ்சி ஓடவும் வேண்டா. படிக்காமல் கையொப்பமிடவும் வேண்டா. என்ன மருந்து, என்ன தீங்கு நேரலாம், நேர்ந்தால் பொறுப்பு யாருடையது, வழக்கமான சிகிச்சை தொடருமா எனக் கேளுங்கள். புரியும் மொழியில் விளக்கம் பெறுவதும், சேர்ந்தபின் எந்நேரமும் விலகுவதும் நம் உரிமைகள்.

தோட்டத்தில் வாழ்ந்த நம் முன்னோரைப் புழுங்கலரிசி காத்தது. இனி நம்மைக் காப்பது, கேள்வி கேட்கும் துணிவே.